சூடு பார்க்கும் கண்

அத்தியாயம் 4

"தூங்கிட்டேன் மேடம். அவ்ளோதான். எழுதிக்கங்க."

கவின் இதையே மறுபடியும் சொன்னான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வானத்தைப் பார்த்தே சம்பாதிக்கிற ட்ரோன் பைலட், பார்வையைத் தரையை விட்டு எடுக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான்.

தொழிற்சாலை ஆபீஸ் அறையில் எதிரே உட்கார்ந்து ஸ்வர்ணா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளை விசாரித்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது மல்லேஸ்வரத்தில் சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். தப்பிப்பதற்காகப் பொய் சொல்கிறவர்களை வண்டி வண்டியாகப் பார்த்திருக்கிறாள். மாட்டிக்கொள்வதற்காகப் பொய் சொல்கிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"ட்ரோன் மேலே பறந்துண்டு இருக்கறப்போ தூங்கினே?"

"ஆமாங்க."

"அது திரும்பி வந்து இறங்கறப்போ?"

"அப்பவும் தூங்கிட்டுதாங்க இருந்தேன்."

"பைலட் இல்லாமயே வண்டி போய்ட்டு வந்துடுச்சி மேடம்," என்றான் ஆண்ட்ரூ. "நம்ம லிங்கராஜபுரம் பஸ் டிரைவர் கிட்ட இவன் டிரெய்னிங் எடுத்திருக்கான்."

ஆண்ட்ரூ ஸ்வர்ணாவின் உதவியாளன். வாய்க்குப் பூட்டுப் போட்டால் சாவியை விழுங்கிவிட்டுப் பேசுகிற ரகம். அவன் ஜோக்குக்குச் சிரிக்காதவர்கள் உண்டு, காது கேட்காத மாதிரி நடிப்பவர்கள்கூட உண்டு. ஆனால் கவின் கேட்டுவிட்டுத் தலையை இன்னும் குனிந்துகொண்டான். சரியாகத்தானே சொல்கிறார்கள் என்பது போல.

விஷயம் இதுதான். எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி இருக்கிற வர்ணமாலா பெயிண்ட்ஸ் தொழிற்சாலையில் ஒரு ட்ரோன் இருக்கிறது. மதில் ஓரமாகச் சுற்றிவந்து காவல் காப்பது அதற்கு ஒரு வேலை. எங்கேயாவது தீ கிளம்பினால் சூட்டை வைத்துக் கண்டுபிடித்து, சைரன் அடித்து, வயிற்றில் கட்டியிருக்கிற தீயணைக்கும் பந்துகளை மேலிருந்து போடுவது இன்னொரு வேலை. ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி விடுமுறையில், தின்னர் குடோன் வாசலில் பூஜைக்காகத் தொங்கவிட்டிருந்த சீரியல் லைட் ஷார்ட் ஆகித் தீப்பிடித்தது. இதைத் தீயணைப்புத் துறையே சொல்லிவிட்டது, அதில் மர்மம் ஒன்றும் இல்லை. மர்மம் வேறு இடத்தில் இருந்தது. புகை வெளியே தெரியாமல் கனிய ஆரம்பித்த குடோனுக்கு நேர் மேலே ட்ரோன் பறந்து போயிருக்கிறது. ஒன்றும் இல்லை என்பது போலத் திரும்பி வந்து மேடையில் உட்கார்ந்துவிட்டது.

அணைக்க உள்ளே ஓடிய செக்யூரிட்டி சண்முகம் இப்போது ஐசியூவில் இருக்கிறார். கவின் இன்று சாயந்திரம் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கப் போகிறான். தூங்கிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் கேஸ் அவன் பேரில். சண்முகத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஜெயில் நிச்சயம்.

அவனுடைய தங்கை கிருத்திகா நேற்று ஸ்வர்ணாவின் ஆபீசில் வந்து அழுதாள். "எங்கண்ணன் நைட் பஸ்ல திருப்பத்தூர் போறப்பக்கூட கண்ண மூட மாட்டான் மேடம். அவனா தூங்கினான்?"

கதவைத் தள்ளிக்கொண்டு அச்யுத் உள்ளே வந்தான். தொழிற்சாலையின் சேஃப்டி மேனேஜர். சட்டையில் மடிப்பு கலையவில்லை, முகத்திலும்தான்.

"மேடம், அவனே ஒத்துண்டாச்சு. இதுக்கு மேல இன்வெஸ்டிகேட் பண்ண என்ன இருக்கு?"

"ஒத்துண்டதுதான் உறுத்தறது," என்றாள் ஸ்வர்ணா. "அன்னைக்கு கேட் கேமரால பதிவானது இருக்குமே. ஒரு தடவை போடுங்கோ."

அச்யுத் விருப்பமில்லாமல் கம்ப்யூட்டரைத் தட்டினான். திரையில் தொழிற்சாலை முற்றம் விரிந்தது. குடோன் பக்கமிருந்து முதல் புகை. கேட் காவலாளி ஒருவர், கேன்டீன் ஆள் ஒருவர், லோடு இறக்க வந்த டிரைவர் ஒருவர் என்று மூன்று பேர் முற்றத்துக்கு ஓடிவந்து நின்றார்கள். நின்று, நெற்றிக்கு மேல் கை வைத்து, வானத்தைத் தேடினார்கள். நான்காவதாக வந்தவர் சண்முகம். தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, வலது காலை இழுத்து இழுத்து, மணல் வாளியோடு நேராகக் குடோனுக்குள் ஓடினார்.

"வீரன் மேடம்," என்றான் ஆண்ட்ரூ. "நானெல்லாம் எங்க வீட்டு அடுப்பு கொஞ்சம் ஜாஸ்தி எரிஞ்சாலே பால்கனிக்கு ஓடிடுவேன்."

"அவா மூணு பேரும் எங்கே பாக்கறா?"

"மேல. ட்ரோன் வருதான்னு."

"சண்முகம்?"

"அவருக்கு எங்க மேடம் டைமு?"

ஸ்வர்ணா இன்னொரு முறை ஓடவிட்டாள். அச்யுத் குறுக்கே பேசினான். "எங்க டிரில் ரொம்ப க்ளியர் மேடம். தீன்னா யாரும் கிட்ட போகக்கூடாது. முற்றத்துல நில்லுங்கோ, ட்ரோன் வரும். எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கோம். அவர் ஏன் உள்ளே போனார்னு எனக்குப் புரியவே இல்லை."

"எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். "ட்ரோனைக் காட்டுங்கோ. நடந்தே போகலாம்."

ஆயுத பூஜை முடிந்த தொழிற்சாலைக்கென்று ஒரு களை உண்டு. வாசலில் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு இன்னும் சிமென்ட்டை விட்டுப் போகவில்லை. எடை மெஷின், தண்ணீர் மோட்டார், காபி மெஷின், தீயணைக்கும் சிலிண்டர் என்று பார்த்த இடமெல்லாம் பொட்டு. சந்தனத்தை வட்டமாக வைத்து, நடுவில் குங்குமம். ஒரே கை வைத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. ஓர் ஓரமாக நின்ற ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவே, சற்று மேலே தள்ளி, மணப்பெண்ணுக்கு வைத்த மாதிரி அளவாக ஒரு பொட்டு.

"சீக்கிரம் நடங்க மேடம்," என்றான் ஆண்ட்ரூ. "நின்னா எனக்கும் ஒண்ணு வெச்சிடுவாங்க. அப்பறம் சர்ச்சுல நான் என்னான்னு சொல்றது?"

கேட் அருகே காவலாளி நின்றுகொண்டிருந்தார். கேமராவில் பார்த்த அதே ஆள்தான். தடுப்புக் கம்பிக்குப் பொட்டு இருந்தது, விசில் மாட்டுகிற ஆணிக்குக்கூட இருந்தது. சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்த ஸ்வர்ணாவின் புருவம் உயர்ந்தது.

"குர்ச்சி எல்லி?" என்று கன்னடத்தில் கேட்டாள். நாற்காலி எங்கே?

காவலாளி முதலில் அச்யுத்தைப் பார்த்தார், பிறகு தன் ஷூவைப் பார்த்தார். "தெக்துபிட்ரு மேடம். ட்ரோன் பந்த்மேலே."

ட்ரோன் வந்த பிறகு எடுத்துவிட்டார்களாம். ஸ்வர்ணா அச்யுத் பக்கம் திரும்பினாள்.

"டெக்னாலஜி மேடம்," என்றான் அவன், கொஞ்சம் பெருமையாகவே. "ஆள் உடம்புச் சூடு திரையில சிவப்புப் புள்ளியாத் தெரியும். புள்ளி ரொம்ப நேரம் நகராம இருந்தா செக்யூரிட்டி உக்காந்துட்டார்னு அர்த்தம். மரத்தடி, மறைவு எங்க உக்காந்தாலும் விடாது. பைலட் ஒரு பட்டனைத் தட்டினா ரிப்போர்ட் எனக்கு வந்துடும்."

"தீயைப் பாக்க வாங்கினதுன்னு சொன்னீங்க?" என்றான் ஆண்ட்ரூ.

"ரெண்டுக்கும்தான். மல்டி யூஸ்."

"எங்க வீட்டு மிக்ஸி மாதிரி. சட்னியும் அரைக்கும், கைய வெச்சா விரலையும் அரைக்கும்."

அச்யுத்துக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை. காவலாளிக்குப் பட்டது போலிருக்கிறது, சட்டென்று இருமிக்கொண்டு திரும்பிவிட்டார்.

கண்ட்ரோல் ரூம் மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேடை. மேடைமேல் ட்ரோன். இறக்கைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதன் முகத்தில் இரண்டு கண்கள். ஒன்று பளபளப்பான சாதாரண கேமரா. அதை ஒட்டி மங்கலாக, கறுப்பாக இருந்தது சூடு பார்க்கும் தெர்மல் கேமரா. இரண்டுக்கும் மேலே தட்டையான ஒரு மூடி.

கவின் படிக்கட்டருகிலேயே நின்றுவிட்டான். ட்ரோன் கிட்டே வர அவனுக்குக் கால் எழவில்லை.

"பூஜை அன்னைக்கு இது பறந்துதா?" என்று கேட்டாள் ஸ்வர்ணா.

"இல்ல மேடம்," என்றான் அச்யுத். "பூஜை வெச்ச எந்த மெஷினையும் அன்னைக்கு எடுக்க மாட்டோம். இதையும் எடுக்கல. மறுநாள் மத்தியானம்தான் முதல் ரவுண்டு."

"அந்த ரவுண்டுலதான் தீயைக் கோட்டை விட்டிருக்கு."

அவள் மேடையைச் சுற்றி வந்தாள். மேடை விளிம்பில் அதே சந்தன வட்டம், நடுவில் குங்குமம். கூரையைத் தாங்குகிற கம்பியில் வாடிய சாமந்திச் சரம். பேட்டரி பெட்டிக்குப் பொட்டு. ஸ்டூலுக்குப் பொட்டு.

"ஆண்ட்ரூ, இங்கே யாருக்குப் பொட்டு இல்லை?"

"எனக்கும் உங்களுக்கும்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். "அய்யோ. மெயின் ஆளுக்கே இல்ல மேடம். மாப்பிள்ளைய விட்டுட்டு பந்தலுக்கு வெச்சிருக்காங்க."

"வெச்சிருப்பா. அப்புறம் யாரோ துடைச்சிருக்கா."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஒரே தூசி. கவின், லென்ஸ் துடைக்கற துணி வெச்சிருப்பியே, கொஞ்சம் கொடேன்."

கவின் தோளில் தொங்கிய பையைச் சட்டென்று முன்னால் இழுத்து அணைத்துக்கொண்டான். "இல்லைங்க மேடம். தொலைஞ்சிடுச்சி. டிஷ்யூ தரட்டுங்களா?"

"கேமரா பைலட் கிட்ட லென்ஸ் துணி தொலைஞ்சிடுச்சா? பார்பர் கிட்ட கத்தரி தொலைஞ்ச மாதிரி இருக்கே குரு," என்றபடி ஆண்ட்ரூ அவன் பையின் பக்கவாட்டு ஜிப்பை இழுத்தான். நீல நிறத் துணி ஒன்று வெளியே வந்தது. நடுவில் மஞ்சளும் சிவப்பும் கலந்து காய்ந்த பெரிய கறை. முகர்ந்து பார்க்கக்கூடத் தேவையில்லை, மாடி முழுக்கச் சந்தனம் மணத்தது.

கவின் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

ஸ்வர்ணா அச்யுத்தைத் திரும்பிப் பார்த்தாள். "எங்களுக்குக் காபி கிடைக்குமா?" அவனுக்குப் புரிந்தது. முகம் சுருங்கக் கீழே இறங்கிப் போனான்.

"இப்போ சொல்லு. தூங்கலைதானே?"

"தூங்கல மேடம்." அவன் கண் கலங்கியிருந்தது. "ஸ்க்ரீன் பாத்துட்டுதான் இருந்தேன். சூடு காட்டுற பக்கம் பூரா ஒரே சாம்பல் கலரா இருந்துச்சி. ஒரு நாள் பூரா சும்மா கிடந்த கேமராதானே, கொஞ்ச நேரத்துல செட் ஆயிடும்னு விட்டுட்டேன். லீவு நாள்தானேன்னு ஒரு அசால்ட்டு. இறங்கினதும் போய்ப் பாத்தா கறுப்புக் கண்ணு மேல சந்தனம் கட்டியா அப்பியிருக்கு. தொடச்சிட்டுத் திரும்பறேன், புகை வருது. மறுபடி மேல ஏத்தறதுக்குள்ள சண்முகம் அண்ணன் உள்ள போய்ட்டாரு."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா உன் மேல பாதிப் பழிகூட வராதே. ஏன் மறைச்சே?"

கவின் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"பொட்டு வெச்சது யாரு?"

"ரத்தினம்மாக்கா. இங்க ஹவுஸ் கீப்பிங்ல இருக்காங்க. பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் அவங்கதான் வெப்பாங்க. ட்ரோன தும்பின்னுதான் கூப்புடுவாங்க. ஆசையா வெச்சிருக்காங்க மேடம், தெரியாம." அவன் குரலைத் தாழ்த்தினான். "சண்முகம் அண்ணன் அவங்க வீட்டுக்காரரு."

ஆண்ட்ரூ நீலத் துணியை மெல்ல மடித்தான்.

"அவங்க வெச்ச பொட்டாலதான் அவங்க புருஷன் எரிஞ்சாருன்னு தெரிஞ்சா அந்தக்கா உசுரோட இருக்க மாட்டாங்க மேடம். அதோட நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. சண்முகம் அண்ணனுக்குக் கால் வீங்கிக் கிடக்கு. மரத்தடியில செத்த உக்காருவாரு. அதுக்கு மூணு வாட்டி நானே பட்டன் அமுக்கி ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். அமுக்கலன்னா என்னைக் கேப்பாங்க. அவரு பாத்தா மூஞ்சிக்கு நேரா சிரிப்பாரு மேடம், அதுதான் தாங்கல. விட்டுடுங்க. நான் தூங்கிட்டேன், அவ்ளோதான்."

ஸ்வர்ணா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "ஒரே ஒரு கேள்வி. நீ துடைச்சப்போ எத்தனை பொட்டு இருந்துது?"

"ரெண்டு."

"நன்னா யோசிச்சுச் சொல்லு."

"ரெண்டுதான் மேடம். ஒண்ணு மேல மூடியில, வட்டமா. இன்னொண்ணு கறுப்புக் கண்ணுல அப்பியிருந்துச்சி. ரெண்டையும்தான் தொடச்சேன். எதுக்குங்க கேக்கறீங்க?"

அவள் ட்ரோனின் மூடியையும் கறுப்புக் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் ஜெயித்த களை கொஞ்சமும் இல்லை. காபி வருவதற்குள் இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள்.

எலிவேட்டட் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. ஆண்ட்ரூ ஹார்னை அடிக்காமல் ஓட்டினான், அது அவனுக்கு வழக்கமே இல்லை.

"கணக்குப் பாத்தா நல்லா இல்ல மேடம்," என்றான் கடைசியில். "கவின காப்பாத்தணும்னா அந்தம்மாகிட்டப் போய், உன் பொட்டாலதான் இவ்ளோவும்னு சொல்லணும். ஐசியூ வாசல்ல நின்னு. இந்த வேலைக்கு நான் பேசாம எங்க மாமா பேக்கரிலயே பன்னு சுட்டுக்கினு இருந்திருப்பேன்."

"எனக்கு மட்டும் இனிக்கறதா? ஃபோர்க்லிஃப்ட்டைப் பாத்தியோன்னோ?"

"பாத்தேன். நல்லாத்தான் அலங்காரம் பண்ணியிருந்தாங்க."

"ஹெட்லைட்ல பொட்டு இருந்துதா?"

ஆண்ட்ரூ யோசித்தான். "இல்லியே."

"அவ்வளவுதான். ரோட்டைப் பார்த்து ஓட்டு."

ஆஸ்பத்திரியில் ஐசியூ வாசல் பெஞ்சில் ரத்தினம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஹவுஸ் கீப்பிங் யூனிஃபார்மின் மேல்கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் புருஷனுடைய செருப்பு. ஸ்வர்ணா பக்கத்தில் உட்கார்ந்து, கவினுக்காக வந்திருப்பதாகச் சொன்னாள்.

"அந்தப் புள்ள ரொம்ப நல்ல புள்ள மேடம். தூங்கிட்டேன்னு சொல்லுதாமே? மனசு கேக்கல." ரத்தினம்மாள் பையை இறுக்கிக்கொண்டாள். "தப்பெல்லாம் என்னுதுதான். அன்னிக்கிக் கால் வலிக்குது, போவலன்னுதான் சொன்னாரு இவரு. நான்தான், லீவு நாளு, ஆளு இருக்காது, சும்மா இருந்துட்டு வாய்யான்னு தள்ளி வுட்டேன். தள்ளி வுட்டேன் மேடம்."

கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் ஸ்வர்ணாவுக்குத் தோன்றியது.

"பூஜைக்கு நீங்கதான் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேளா?"

"ஆமா மேடம். ஒண்ணு வுடாம வெச்சேன்."

"தும்பிக்கு?"

ரத்தினம்மாள் முகத்தில் அந்த நிலையிலும் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "வெச்சேன். நெத்தியில வெச்சேன். அம்சமா இருந்திச்சி."

"கண்ணுல?"

"இன்னா மேடம் கேக்கறீங்க?" அவள் ஸ்வர்ணாவைப் புத்தி சரியில்லாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "கண்ணுல யாருனா பொட்டு வெப்பாங்களா? கண்ணு எரியாது? நெத்தி எதுன்னு பாத்துதான் வெச்சேன். இவரு கூடக் கேட்டாரு. 'இதுக்கு ரெண்டு கண்ணு கீதே, இதுல எதுடி ஆளு சூட்டப் பாக்கற கண்ணு'ன்னாரு. கவினு தம்பி எனக்குச் சொல்லிக் குடுத்திருந்திச்சி. அந்தக் கறுப்புக் கண்ணுதான்யா, நீ மரத்தடில உக்காந்தாக்கூட அதுதான் கண்டுபுடிச்சி..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஆண்ட்ரூ சுவரில் ஒட்டியிருந்த, செருப்பைக் கழற்றச் சொல்லும் அறிவிப்பை ஏதோ தேர்வுக்குப் படிப்பது போலப் படித்துக்கொண்டிருந்தான்.

"மீதி சந்தனக் கிண்ணிய அவர் கையில குடுத்தேன்," என்றாள் ரத்தினம்மாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "மேலயே இருய்யா, நான் கீழ காபி மெஷினுக்கு வெச்சிட்டு வரேன்னு போனேன். வந்து பாத்தா கிண்ணி காலி. காக்கா கொட்டிடுச்சின்னாரு. நானும் சிரிச்சேன் மேடம்."

"அவர் தீ வைக்கலை," என்றாள் ஸ்வர்ணா அவசரமாக. "அதை முதல்ல மனசுல வாங்கிக்கோங்கோ. தீ லைட்டால வந்தது. அவர் ஆசைப்பட்டது மறுநாள் கொஞ்ச நேரம் உக்காரணும்னு மட்டும்தான்."

"அதான் மேல பாக்கல," என்று ஆண்ட்ரூ தனக்குள் முணுமுணுத்தான். "எல்லாரும் ட்ரோன் வரும்னு நின்னாங்க. வந்தாலும் தீ அதோட கண்ணுக்குத் தெரியாதுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"தெரிஞ்சதாலதான் அந்தக் காலை வெச்சுண்டு உள்ளே ஓடினார்," என்றாள் ஸ்வர்ணா.

ரத்தினம்மாள் அழவில்லை. பையிலிருந்த செருப்பை எடுத்து, வலது செருப்பின் தேய்ந்த குதிகாலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். வீக்கத்துக்கு இடம் விட்டு அதன் வாரைப் பிளேடால் அறுத்துத் தளர்த்தியிருந்தார்கள்.

"அந்தப் புள்ள எதுக்கு மேடம் தூங்கிட்டேன்னு சொல்லுது?"

"ரெண்டு பொட்டும் நீங்க வெச்சதுன்னு நினைச்சுண்டிருக்கான். தெரிஞ்சா தாங்க மாட்டேள்னு உங்க பேரை மறைக்கறான்."

கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள். "சண்முகம் அட்டெண்டர் யாரு? கண்ணு முழிச்சிருக்காரு. ஒருத்தர் மட்டும் வாங்க. ரொம்பப் பேச விடாதீங்க."

ரத்தினம்மாள் எழுந்தாள். செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆண்ட்ரூவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஸ்வர்ணாவின் போன் அடித்தது. அச்யுத்.

"மேடம், ஸ்டேஷன்ல வெயிட் பண்றா. கவினும் வந்தாச்சு. கையெழுத்துதான் பாக்கி."

"பேனாவை மூடி வைக்கச் சொல்லுங்கோ. நான் வரவரைக்கும் அவன் எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாது. உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. தீயைப் பாக்கற கண்ணை யாராவது மூட நினைக்கறான்னா, அது தீயைத் தவிர வேற எதைப் பாத்துண்டிருந்துதுன்னு நீங்களே உங்களைக் கேட்டுக்கோங்கோ. போலீஸ் கேக்கறப்போ சொல்ல வசதியா இருக்கும்."

அவள் போனை வைத்தாள்.

"சூப்பரா கேட்டீங்க மேடம்," என்றான் ஆண்ட்ரூ. ஆனால் சுரத்தே இல்லை. "இந்தம்மா பேசலன்னா நம்ம கிட்ட இருக்கறது ஒரு கறை படிஞ்ச துணி மட்டும்தான். பேசினா அவங்க வீட்டுக்காரருக்கு வேலையும் போவும், கேஸும் வரும். பேசச் சொல்லி நீங்க கேப்பீங்களா?"

"மாட்டேன்," என்றாள் ஸ்வர்ணா. சொன்ன பிறகுதான், கிருத்திகாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்கு உறைத்தது. எத்தனையோ கேஸ்களில் உண்மையைத் தோண்டி எடுத்துப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இந்த உண்மையைத் தோண்டாமலே இருந்திருக்கலாம் என்று வெட்கத்தோடு நினைத்துக்கொண்டாள்.

கதவு மறுபடி திறந்தது. ரத்தினம்மாள் வெளியே வந்து, புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"பேசினாரா?"

"மாஸ்க்கு போட்டிருக்காங்க. காதாண்ட வெச்சிக் கேட்டேன். நான் எதுவும் கேக்கல மேடம், அவராத்தான் கேட்டாரு. 'அந்தக் கவினு பையன் மேல பழி ஏதுனா வந்திச்சா'ன்னாரு."

"என்ன சொன்னேள்?"

"இல்லய்யா, அந்தப் புள்ள மேல ஒண்ணும் வரல, நீ தூங்குன்னுட்டேன். அதக் கேட்டப்புறந்தான் கண்ண மூடினாரு."

அவள் ஆண்ட்ரூவின் கையிலிருந்த செருப்பை வாங்கிப் பையில் போட்டாள்.

"ஸ்டேஷனுக்கு வரணும்னு உங்களுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை," என்றாள் ஸ்வர்ணா. "நீங்க பேசினா, என்ன ஆகும்னு..."

"தெரியும் மேடம். சாவக் கெடக்கற மனுசனாண்ட பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்." ரத்தினம்மாள் லிஃப்ட் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள். "சீக்கிரம் வாங்க. அவரு முழிச்சிக்கறதுக்குள்ள அத நெசமாக்கிட்டு வந்துடணும்."